கதவுக்குப் பின்னால் பிள்ளை சார் இருக்கலாம்

ரிட்டையர் ஆகுறவனை நாற்காலியில உட்கார வச்சு, மாலையைப் போட்டு, அவன் காது கேக்கவே அவனைப் பத்தி நாலு பேர் அளந்து விடுறதை வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து பார்த்துச் சிரிச்சவன் நான். போன மாசம் எனக்கே அந்தக் கூத்து நடந்துச்சு. சால்வை வேற. மலாக்கா வெயில்ல சால்வை! நான் கோவக்காரன்னு ஊருக்கே தெரியும். அன்னைக்கு மேடையில ஒருத்தர் என்னைச் சாந்த சொரூபின்னு சொன்னார். பின்வரிசையில என்கிட்ட படிச்ச ஒருத்தன் இருமி இருமியே ஓய்ஞ்சு போனான்.

எல்லாம் முடிஞ்சு கறிபாப் சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப லெட்சுமி டீச்சர் தட்டோட பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. எனக்கு அப்புறம் எங்க பள்ளியில ஆங்கிலம் எடுக்கப் போறவங்க.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கவா?"

"கோவிச்சுக்க மாட்டேன்னு எழுதிக் கொடுக்க முடியாது. கேளும்மா."

"புதுப் பாடப் புத்தகம் வந்திருக்குல்ல, அதுல மே, மஸ்ட் எல்லாம் ஆளை வச்சுத்தான் சொல்லிக் கொடுக்கச் சொல்றாங்க. அப்பா தோட்டத்துல இருக்கலாம், தங்கச்சி மார்க்கெட்டுல இருக்கணும், அந்த மாதிரி. உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்க ஒண்ணுகூட அப்படி எழுத மாட்டேங்குது. பூனை மேசைக்கு அடியில இருக்கலாம். பந்து கூரை மேல இருக்கணும். எப்பப் பார்த்தாலும் பூனை, பந்து, பென்சில். ஏன் சார்? உங்களுக்கு மனுஷங்களே ஆகாதா?"

பூனைன்னா காணாமப் போனாலும் ரெண்டு நாள்ல தானா வந்துரும்மான்னு கிண்டலாச் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியல. கறிபாப் தொண்டையிலேயே நின்னுடுச்சு. டீச்சர் பயந்துபோய்த் தண்ணி எடுக்க ஓடினாங்க. அவங்களுக்கு அன்னைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்ப உட்கார்ந்து எழுதறேன்.

எங்கப்பா தேவகோட்டைப் பக்கத்துலேருந்து வந்து, மலாக்கா டவுன்ல ஒரு கிட்டங்கியில, அதாவது நகரத்தார் லேவாதேவி பண்ற இடத்துல, சமையல் வேலை பார்த்தவர். கரண்டி பிடிச்ச கை என்னைச் சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் படிக்க வச்சுது. அப்புறம் வார இறுதியில ஆசிரியர் பயிற்சி. அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. சாக்பீஸ் கிறீச்சிடாம எழுதக் கத்துக்கிட்டேன், அவ்வளவுதான். தொழிலைக் கத்துக்கிட்டது காஜா பெராங்ல ஒரு சின்னத் தனியார் ஆங்கிலப் பள்ளியில, பிள்ளை சார்கிட்ட.

முதல் நாளே எனக்கு அதிர்ச்சிதான். தலைமையாசிரியர் அறையில நெத்தி நிறைய விபூதியோட, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நம்மாளுன்னு சந்தோஷம் எனக்கு. "வணக்கம் ஐயா, பசியாறிட்டீங்களா?"ன்னேன். அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களான்னு பார்த்தார். அப்புறம் ஆங்கிலத்துல, "மன்னிக்கணும், என்கிட்டயா பேசினீங்க?"ன்னு கேட்டார். நான் ஆடிப் போயிட்டேன். அவர் மலாக்காச் செட்டி. அவங்க முன்னோருங்க வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, பல தலைமுறையா இந்த ஊர்க்காரங்களாவே ஆயிட்டவங்க. சாமியும் விளக்கும் பொங்கலும் அப்படியே இருக்கு, தமிழ் மட்டும் போயிடுச்சு. வீட்டுல பேசுறது அவங்களுக்குன்னு ஒரு மாதிரி மலாய். பெண்கள் கட்டுறது சாரோங், கெபாயா. அதனால பிள்ளை சார்கூட எனக்குப் பள்ளியில ஆங்கிலம், அவர் வீட்டுல மலாய். இங்க அவங்க பேசினதா நான் எழுதுற எல்லாத்தையும் அப்படித்தான் கேட்டேன்.

குரலை உயர்த்த மாட்டார். வகுப்புக்குள்ள நுழையறதுக்கு முன்னால செருப்பை நல்லாத் தேச்சுத் துடைப்பார். குடையை ஆணியில மாட்டுவார். ஒரு பிள்ளை தப்பாச் சொன்னா 'தப்பு'ன்னு சொல்ல மாட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"னு கேப்பார். அதுக்கு அடியே வாங்கிக்கலாம். நானே மாட்டியிருக்கேன். ஒரு தடவை, "சார், இன்னைக்கு மழை வரும்"னேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஆசிரியர் அறையே சிரிச்சுது.

மே, மஸ்ட் பாடத்தை அவர் நடத்துற விதம் வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. பலகையில இடது பக்கம் மே, மஸ்ட், கேனாட். வலது பக்கம் இன் த கார்டன், ஆன் த ரோட், அண்டர் த ட்ரீ, பிஹைண்ட் த டோர். தோட்டத்துல, ரோட்டுல, மரத்தடியில, கதவுக்குப் பின்னால. நம்ம தமிழ்ல இடம் முந்தி வரும், சந்தேகம் கடைசியில ஒட்டிக்கிட்டு வரும்: தோட்டத்துல இருக்கலாம். ஆங்கிலத்துல சந்தேகம் முந்திக்கும், இடம் பின்னால வரும். நம்ம பிள்ளைங்க தடுமாறுறது அங்கதான். அவர் சொல்வார், "இடது பக்கம் இருக்கிறது உனக்கு எவ்வளவு தெரியும்னு சொல்லுது. வலது பக்கம் இருக்கிறது எங்கேன்னு சொல்லுது. ஒண்ணை மட்டும் சொன்னா பாதிப் பேச்சு. சந்தேகப்படு, ஆனா விலாசத்தோட சந்தேகப்படு."

சொல்லிட்டு வகுப்பை விட்டு வெளியே போயிடுவார்! பிள்ளைங்க அவரைக் கண்டுபிடிக்கணும். ஆனா எழுந்து தேடக்கூடாது. உட்கார்ந்த இடத்துலேருந்தே யோசிச்சுச் சொல்லணும். ஒண்ணுமே தெரியலன்னா, மிஸ்டர் பிள்ளை மே பி இன் த கார்டன். தோட்டத்துல இருக்கலாம். ஒரு நாள் குடை ஆணியிலேயே தொங்குதா? அப்ப வெயில்ல போயிருக்க மாட்டார், மிஸ்டர் பிள்ளை கேனாட் பி ஆன் த ரோட். ரோட்டுல இருக்க முடியாது. இன்னொரு நாள் குடையைக் காணோம், ஆனா கதவுக்கு அடியில செருப்பு நுனி தெரியுதா? மிஸ்டர் பிள்ளை மஸ்ட் பி பிஹைண்ட் த டோர். கதவுக்குப் பின்னாலதான் இருக்கணும். ஆனா எவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சாலும் 'இஸ்' மட்டும் சொல்லக்கூடாது. "கண்ணால பார்த்தாத்தான் இஸ். பார்க்காத வரைக்கும் எந்த மனுஷனையும் பத்தி இஸ் சொல்லாதே"ன்னு கண்டிப்பாச் சொல்லி வச்சிருந்தார். கடைசியில கதவுக்குப் பின்னாலேருந்து குடையோட அவர் வெளியே வருவார். அப்ப மொத்த வகுப்பும் கூரை பறக்கிற மாதிரி கத்தும்: மிஸ்டர் பிள்ளை இஸ் பிஹைண்ட் த டோர்!

எனக்கு முதல்ல கூச்சமா இருந்துச்சு. தலைமையாசிரியர், விபூதி, கோட்டு, கண்ணாமூச்சி! ஆனா அந்தப் பிள்ளைங்க மே எது மஸ்ட் எதுன்னு ஒரு நாளும் குழம்பினதில்ல.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பள்ளியை மூடினாங்க. திரும்பத் திறந்தப்ப ஆங்கிலம் போய் ஜப்பான் மொழி வந்துச்சு. நாங்க சாயங்காலம் போய்க் கத்துக்கிட்டு வந்து மறுநாள் காலையில பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும். காலையில ஜப்பான் ராஜா இருக்கிற திசைன்னு கிழக்கே பார்த்துக் கும்பிடணும், கை காலை ஆட்டி உடற்பயிற்சி பண்ணணும். பிள்ளை சார் கோட்டோடவே குதிப்பார். பலகையில இருந்த மே, மஸ்டை அவரே துடைச்சார். துடைச்ச துணியை உதறி மடிச்சு மேசையில வச்சார்.

ஒரு நாள் ஜப்பான் அதிகாரி ஒருத்தன் முன்னறிவிப்பில்லாம வந்து நின்னான். நேரா என் வகுப்புக்குள்ள வந்தான். நான் இடுப்பு ஒடியக் குனிஞ்சேன். அவன் பிள்ளைங்களைப் பார்த்து, பிள்ளை சென்செய், அதாவது பிள்ளை வாத்தியார், எங்கேன்னு ஜப்பான் மொழியில கேட்டான். 'எங்கே'ங்கிற சொல்லை முந்தின வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். பிள்ளைங்களுக்கு நல்லாப் புரிஞ்சுது. புரிஞ்சு என்ன பண்ண? பிள்ளை சார் எங்கேன்னு யாராவது கேட்டா அதுங்களுக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதானே! வகுப்பே எழுந்து நின்னு ஒரே குரல்ல ஆங்கிலத்துல, "மிஸ்டர் பிள்ளை மே பி இன் த கார்டன்!"னு பாடுச்சு.

ஆங்கிலம் பேசினா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். பாடி முடிச்ச அப்புறம்தான் அதுங்களுக்கும் உறைச்சுது. ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டா. சாக்பீஸ் டப்பாவோட பக்கத்து அறையிலேருந்து பிள்ளை சார் உள்ள வந்தார். அதிகாரி நேரா அவர்கிட்ட போனான். ஓங்கி ஒரு அறை. கண்ணாடி தெறிச்சு முதல் பெஞ்சுக்கு அடியில போய் விழுந்துச்சு. இன்னொரு அறை. அந்தச் சத்தம் இருக்கே, இத்தனை வருஷம் கழிச்சும் எங்கயாவது பலகை விழுந்தா எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். பிள்ளை சார் குனிஞ்சு கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைச்சு, மாட்டிக்கிட்டு, அவனுக்கு வணக்கம் வச்சார். அவன் போயிட்டான். பிள்ளைங்க விம்மிக்கிட்டு நிக்குதுங்க. கன்னத்துல விரல் பதிஞ்சிருந்த அந்த மனுஷன் மலாய்ல சொன்னார், "அழாதீங்க. நீங்க என்னைப் பார்க்கல. அதனால மேன்னு சொன்னது சரிதான்."

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, சொந்தக்காரங்ககிட்ட மரவள்ளிக்கிழங்கு வாங்கி வரேன்னு சைக்கிள்ல புக்கிட் ரம்பாய் போனார். திரும்பி வரல. அறை வாங்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மறுநாள் செங் பக்கம் ரோட்டோரக் கால்வாயில அவர் சைக்கிள் கிடந்ததா ஆள் வந்து சொன்னாங்க. ஓடினேன். பின்னால கேரியர்ல கிழங்கு மூட்டை கட்டினபடியே இருந்துச்சு. ஊரே பசியில கிடக்கு. ரோட்டுல கிடந்த கிழங்கை ஒருத்தனும் தொடலன்னா, அந்த இடத்துல நடந்ததைப் பார்த்த சனம் எப்படிப் பயந்திருக்கும்!

சயாம்ல ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பலவந்தமா ஆள் பிடிச்சுக்கிட்டிருந்த காலம் அது. தோட்டத்துச் சனத்தை மட்டும் பிடிக்கிறதாத்தான் டவுன்ல நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம். யார்கிட்ட போய்க் கேக்க? காணாமப் போனவன் எங்கேன்னு கேட்டவனும் காணாமப் போன காலம்.

அவர் மனைவியை நான் மாமின்னு கூப்பிடுவேன். சின்ன உருவம், கெபாயாவுல எப்பவும் மூணு ஊசி குத்தியிருப்பாங்க. அவங்களுக்குக் குழந்தை இல்ல. நான் பள்ளி விட்டு அந்த வழியாப் போறப்ப வாசல்ல நிப்பாங்க. முதல் கேள்வி, "ஏதாவது தெரிஞ்சுதா?" தெரியாதுன்னு சொல்ல வாய் வராது. அதனால நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்தப் பலகைப் பாடத்தையே படிச்சோம். சயாம்ல இருக்கலாம். சிங்கப்பூர் ஜெயில்ல இருக்கலாம். பக்கத்துலேயே பத்து பெரெண்டாம்ங்கிற ஊர்ல மண் வெட்டிக்கிட்டிருக்கலாம். மாமிக்கு ஆங்கிலம் ரொம்பத் தெரியாது, ஆனா புருஷன் விளையாட்டு தெரியும். "மே"ன்னு மட்டும் ஆங்கிலத்துல சொல்லி, விரலை ஆட்டுவாங்க. வீட்டுச் சுவர்ல ஆணியில அவர் குடை தொங்கிக்கிட்டே இருந்துச்சு.

இப்ப பார்ச்சுவைப் பத்திச் சொல்லணும். செட்டிகள் வீட்டுல போகியன்னைக்கு முன்னோருக்குப் படைக்கிறதுக்கு அதுதான் பேர். கூடத்துல வரிசையா வாழை இலை போட்டு, செத்துப் போனவங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் பரிமாறுவாங்க. அவங்க பொருள் ஏதாவது பக்கத்துல வைப்பாங்க. விளக்கேத்திக் கும்பிட்டுட்டு, வீட்டு ஆளுங்க எல்லாரும் முற்றத்துக்கு வந்து கதவைச் சாத்திடுவாங்க. முன்னோர் வந்து சாப்பிட்டு முடிக்கிற நேரம் வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. அப்புறம் திறந்து, கும்பிட்டு, மத்தவங்க சாப்பிடுவாங்க.

பிள்ளை சார் போன அப்புறம் வந்த முதல் பார்ச்சுல, அவருக்கும் ஒரு இலை போடச் சொன்னார் அவர் அண்ணன். பெரிய பிள்ளைன்னு சொல்வோம். மாமி ஒத்துக்கல. "நீங்க பார்த்தீங்களா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. அந்த வருஷம் இலை போடல.

அடுத்த வருஷம் பார்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால, சயாமிலேருந்து தப்பி வந்த முனியன்னு ஒரு ஆள் செங் தோட்டத்துல இருக்கிறதாக் கேள்விப்பட்டு, நான் போய்க் கூட்டிட்டு வந்தேன். எலும்பும் தோலுமா இருந்தான். அவன் தமிழ்ல சொல்ல, நான் மலாய்ல மாமிக்குச் சொன்னேன்.

"மலாக்கா வாத்தியாருதானே? கண்ணாடி போட்டவரு. விபூதி பூசுற ஆளு, ஆனா ஒரு சொல்லு தமிழ் தெரியாது. அந்த மாதிரி எங்க கேம்புல ஒருத்தருதாங்க இருந்தாரு. பேதி வந்து படுத்துட்டாரு. எழுந்திரிக்க முடியாதவங்களை எல்லாம் ஒரு குடிசையில போட்டிருந்தானுங்க. ஒரு நாள் அந்தக் குடிசைக்குத் தீ வச்சுட்டானுங்க."

ஆள் உள்ள இருக்கையிலயான்னு கேட்டேன்.

"உள்ள இருக்கையிலதான்."

இதை எப்படி மலாய்ல சொல்றது? சொன்னேன். மாமி முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. "எரியும்போது அவர் உள்ள இருந்ததைப் பார்த்தாரான்னு கேளு."

"எவன் சாமி கிட்டப் போய்ப் பார்ப்பான்? முந்தின நாளு அங்கதான் கிடந்தாரு."

"பார்க்கல மாமி."

"அப்ப மஸ்ட்"னாங்க. எழுந்து உள்ள போயிட்டாங்க.

பெரிய பிள்ளை அன்னைக்கு அழுதார். "இலை போடும்மா. உயிரோட இருந்தா ஒரு இலையால ஒண்ணும் ஆயிடாது. இல்லாமப் போயிருந்தா? ரெண்டு வருஷமா நம்ம வீட்டு வாசல்ல பசியோட நிக்கிறானே!"ன்னார். மஸ்டுக்கும் மேக்கும் மசியாத மாமியை அந்தப் பசிங்கிற சொல் உடைச்சுடுச்சு. புருஷன் பசியோட நிப்பாருன்னு எந்தப் பொண்ணால தாங்க முடியும்?

போகியன்னைக்கு மத்தியானம் என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க. போனவன் வாசனையிலேயே மயங்கிட்டேன். மாசக்கணக்கா மரவள்ளிக்கிழங்கைத் தின்னு நாக்கே மரத்துப் போயிருந்த நேரம். எங்கயோ ஒளிச்சு வச்சிருந்த நல்ல அரிசியில தேங்காய்ப்பால் ஊத்தி ஆக்கின சோறு. கடைசியா மிச்சம் இருந்த கோழியை அடிச்சு, எண்ணெய் மிதக்கக் கறி. இறால் சம்பல், டோடோல்னு கிண்டின இனிப்பு. மனுஷன் கிழங்கு தின்னாலும், படைக்கிறதுல குறை வைக்கிற வழக்கம் அந்த வீட்டுல இல்ல. ஏழு இலை. ஏழாவது இலைக்குப் பக்கத்துல, ஆணியிலேருந்து எடுத்த குடை. மத்த இலையை விட அதுல எல்லாமே ரெண்டு பங்கு. மாமி தன் கையால வச்சாங்க.

விளக்கேத்தினாங்க. கும்பிட்டோம். வெளியே வந்தோம். பெரிய பிள்ளை கதவைச் சாத்தினார்.

முற்றத்துல மாமரத்தடியில எல்லாரும் சத்தமில்லாம நின்னோம். கொஞ்ச நேரத்துல உள்ள இலேசா ஒரு சத்தம், எனாமல் குவளையைத் தரையில வைக்கிற சத்தம். பூனையா இருக்குமோன்னு ஒரு அடி எடுத்து வச்சேன். பெரிய பிள்ளை என் மணிக்கட்டைப் பிடிச்சார். "சாப்பிடறப்போ பார்க்கக்கூடாது, தம்பி." நான் மாமியைப் பார்த்தேன். அவங்களுக்கும் கேட்டிருக்கு. அத்தனை நாளைக்கு அப்புறம் அந்த முகத்துல ஒரு சிரிப்பு. "அவருக்குப் பிடிச்சிருக்கு"ன்னாங்க.

நேரம் ஆச்சுன்னு பெரிய பிள்ளை கதவைத் திறந்தார். முதல் ஆறு இலையும் வச்சது வச்சபடி இருந்துச்சு. ஏழாவது இலையில ஒரு பருக்கை இல்ல. இலையை ஒழுங்கா மடிச்சு வச்சிருந்துச்சு. குடையைக் காணோம்.

பெரிய பிள்ளை அப்படியே மண்டி போட்டுட்டார். பின்னால ஒரு பொம்பளை வீல்னு கத்தினாங்க. அப்ப, திறந்த கதவுக்கு அடியில பார்த்தேன். ரெண்டு கால். வீங்கி, வெடிச்சு, சாக்குத் துணி சுத்தின கால்.

கதவுக்குப் பின்னாலேருந்து குடையைக் கையில பிடிச்சுக்கிட்டு பிள்ளை சார் வெளியே வந்தார்.

என் வாய் தானாத் திறந்துச்சு. நான் சொல்லல, அது சொல்லுச்சு: "மிஸ்டர் பிள்ளை இஸ் பிஹைண்ட் த டோர்."

"குட்"னார் அவர். சொல்லிட்டுச் சுவர்ல சாய்ஞ்சு அப்படியே வழிஞ்சு உட்கார்ந்தார்.

குடிசையில தீ வைக்கிறதுக்கு முன்னாலேயே பின்பக்கமா ஊர்ந்து காட்டுக்குள்ள போயிருக்கார். சரக்கு ரயில்லயும் காலாலயும் மாசக்கணக்கா வந்திருக்கார். தம்பின் ஸ்டேஷன்லேருந்து மலாக்காவுக்கு இருந்த தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பிடுங்கிட்டுப் போயிட்டதால, கடைசிப் பாதி ரப்பர் தோட்டம் தோட்டமா நடை. தப்பி வந்தவனை யாராவது காட்டிக் கொடுத்துடுவாங்கன்னு பயந்து அடுப்படி வழியா நுழைஞ்சிருக்கார். வீட்டுல ஆள் இல்ல. கூடத்துல பார்ச்சு. கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பழைய பயத்துல ஒளிஞ்சுட்டார். பேசப் பேச அவருக்கு மூச்சு வாங்கிச்சு.

மாமி அவரைத் தொடக்கூட இல்ல. மடிச்ச இலையையே பார்த்தாங்க. "எல்லாத்தையும் சாப்பிட்டீங்களா?"

"என் குடை இருந்துச்சு. அப்ப என் இலைதானே"ன்னார். அப்புறம், பிள்ளைங்க மாதிரி அவசரமாச் சொன்னார், "அப்பாவோட இலையை நான் தொடல."

அதுக்கு அப்புறம்தான் மாமி கதறினாங்க. நாங்க எல்லாரும் அழுதோம், சிரிச்சோம், அவர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். செத்தவருக்குப் படைச்ச வீட்டுலேயே அவர் வந்து உட்கார்ந்திருக்கார்னா, அதை விட என்ன வேணும்?

அன்னைக்குச் சாயங்காலமே அவருக்கு வயிறு பிடிச்சுக்கிச்சு. பொங்கலன்னைக்கு உடம்பு பூராவும் வீங்கி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. தெரிஞ்ச டிரெஸர் ஒருத்தரை, ஆஸ்பத்திரியில மருந்து கட்டுறவரை, நான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். அவர் பார்த்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டார். "வந்ததும் என்ன கொடுத்தீங்க?" சொன்னேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டார். "அடப்பாவிகளா! இத்தனை நாள் காய்ஞ்ச வயிறு. கஞ்சித் தண்ணியைக் கரண்டி கரண்டியாக் கொடுத்திருக்கணும். சயாமிலேருந்து வந்தவங்க பாதிப் பேர் இப்படித்தான் சோறு தின்னே போறாங்க."

நாங்க எதையும் கொடுக்கலையேன்னு அவர்கிட்ட கத்தணும் போல இருந்துச்சு. படைச்சோம். கதவைச் சாத்தினோம். வெளியே நின்னோம்.

மாட்டுப் பொங்கலன்னைக்குப் பிள்ளை சார் போயிட்டார். நினைவு இருந்தப்ப மாமிகிட்ட கடைசியாச் சொன்னது, "சம்பல்ல உப்பு சரியா இருந்துச்சு." கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர் தன் சமையலைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லன்னு மாமி என்கிட்ட சொன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, "குவளைச் சத்தம் கேட்டப்ப நான் சந்தோஷப்பட்டேன்டா"ன்னாங்க.

சண்டை முடிஞ்சுது. ஆங்கிலம் திரும்ப வந்துச்சு. பலகையில மே, மஸ்ட் எழுதினேன். வலது பக்கம் பிஹைண்ட் த டோர்னு எழுதறப்ப கை நின்னுச்சு. முன்பெஞ்சுல ஒரு பையன், "யார் சார் கதவுக்குப் பின்னால?"ன்னான். பூனைடான்னு சொல்லி வச்சேன். லெட்சுமி டீச்சர், அன்னைக்கு ஆரம்பிச்ச பூனைதான். நீங்க அப்பாவையும் தங்கச்சியையும் வச்சுச் சொல்லிக் கொடுங்க, அதுதான் சரி. என்னால முடியல.

சண்டை முடிஞ்ச அப்புறம் வந்த போகிக்குப் போனேன். இலை போட்டிருந்துச்சு. மத்த இலையெல்லாம் நிறைஞ்சு இருந்துச்சு. பிள்ளை சார் இலையில ஒரே ஒரு கிண்ணம், அதுல தெளிஞ்ச கஞ்சித் தண்ணி, பக்கத்துல ஒரு சின்னக் கரண்டி. அப்புறம் குடை. கும்பிட்டு முடிச்சோம். எல்லாரும் வெளியே வாங்கன்னு சொல்லிக்கிட்டே பெரிய பிள்ளை கதவை இழுத்தார். அது அசையல. மாமி கீழே அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்து வச்சிருந்தாங்க.

"என்னம்மா இது? பெரியவங்க வந்து எப்படிச் சாப்பிடுவாங்க?"

"சாப்பிடுறவங்க சாப்பிடட்டும். உள்ள யார் இருக்காங்கன்னு நான் பார்க்கணும்."

பெரிய பிள்ளை கதவுலேருந்து கையை எடுத்தார். நாங்க எல்லாரும் மாமரத்தடியில நின்னு, திறந்த கதவு வழியா அந்தக் கஞ்சி ஆறுறதைப் பார்த்துக்கிட்டிருந்தோம்.